மாஸ்டர் திரும்பி வருகிற இடம்

படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் திருச்செல்வம் அதன் கடைசிக் கால்மணி நேரத்துக்குப் பயப்படத் தொடங்கிவிட்டான். நாலாம் முறையாகப் பார்க்கிற படம். எங்கே யார் யாரை அடிப்பான், எந்தச் சாடி உடையும், எந்த இடத்தில் மழை பெய்யும் என்பதெல்லாம் மனப்பாடம். கடைசியில் அந்தச் சீனத்து மாஸ்டர் ஊர் வாசலில் இருக்கிற மூங்கில் பாலத்தில் தன்னந்தனியாக நடந்து திரும்பி வருவார். அந்த இடம் வரும்போது தான் இந்த வாங்குப் பலகையில் இருக்கக் கூடாது என்று அவன் தீர்மானித்திருந்தான். எப்படி எழும்புவது என்பதுதான் தெரியவில்லை. தலையிடி என்று சொல்லலாம். நாளைக்குப் பயணம், சாமான் கட்டவேண்டும் என்று சொல்லலாம். ஆனால் கட்டுவதற்கு என்ன இருக்கிறது, ஒரு தோள்பை, இரண்டு சேர்ட், ஒரு சாரம், அது சினேகிதன் பூபாலனுக்கும் தெரியும், அந்தப் பையின் இறுகிப்போன சிப்புக்கு மெழுகுதிரி தேய்த்து ஓடவைத்துத் தந்தவனே அவன்தான். ஒரு காலத்தில் சுருட்டுச் சுற்றிய கொட்டில் இது. கோண்டாவிலில் கரண்ட் நின்று மூன்று வருடமாகிறது, சுருட்டுக்காரர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், யன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, பின்னால் கிடங்கு வெட்டி அதற்குள் ஒரு ஜெனரேற்றரை இறக்கி, இதை மினி சினிமா ஆக்கிவிட்டார்கள். புகையிலை வாசம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய்ப் புகையும் அதுவும் சேர்ந்து கண்ணைக் கரிக்க, பின்னேரம் மூன்று மணி வெயிலில் ஓட்டுக்குக் கீழே நாற்பது பேர் வியர்த்துக்கொண்டு, சண்டைக்கு நடுவில் இருந்து இன்னொரு சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீவிக்குப் பக்கத்தில் பூவரசந்தடி ஒன்றைப் பிடித்தபடி பூபாலன் நிற்கிறான். விளக்கம் சொல்வது அவன் வேலை. கசட் சீன மொழியில் இருக்கிறது. பூபாலனுக்குச் சீன மொழி எவ்வளவு தெரியும் என்றால், வாங்கில் இருக்கிற நாற்பது பேருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. ஆனால் ஒரு வாய் அசைந்தால் அது என்ன சொல்கிறது என்று அவனால் சொல்லிவிட முடியும். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்துவிட்டான், மாஸ்டரின் பள்ளிக்கூடத்துக்குச் சீல் வைத்துவிட்டான், தன்னுடைய ஆமிக்கு அடிமுறை பழக்கச் சொல்லி நெருக்குகிறான், மாஸ்டர் மாட்டேன் என்கிறார், இதெல்லாம் பூபாலன் சொல்லித்தான் கோண்டாவிலுக்குத் தெரியும். அவன் சொல்வது சரியா என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. சரியாக இருந்தால் என்ன, பிழையாக இருந்தால் என்ன, சீனாக்காரன் வந்து வழக்கா போடப்போகிறான். தடியால் டீவியின் ஓரத்தைத் தொட்டு, உந்தக் கண்ணாடி போட்டவன்தான் ஜப்பான் கப்ரின், உவன் சிரிச்சால் கவனமாய் இருக்கவேணும் என்று பூபாலன் சொன்னபோது சனம் சிரித்தது. திருச்செல்வமும் சிரித்தான். சிரித்துவிட்டு, நான் ஏன் சிரித்தேன் என்று யோசித்தான். எல்லோரும் சிரிக்கும்போது ஒருவன் சிரிக்காமல் இருந்தால் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் சிரித்தேன். ஆனால் பூபாலன் ஏன் அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தான். பார்த்தானா. இருட்டுக்குள் அவன் முகத்தில் டீவி வெளிச்சம் நீலமாக விழுகிறது, கண் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

சேர்ட் பொக்கற்றுக்குள் பாஸ் இருக்கிறது. நாலாக மடித்த ஒரு கடதாசி. வியர்வையில் நனைந்து எழுத்து அழிந்துவிடுமோ என்று பயந்து மேல்பக்கம் ஒரு பொலித்தீன் துண்டைச் சுற்றியிருந்தான். அது அவன் மூச்சு விடும்போதெல்லாம் சரசரத்தது, பக்கத்தில் இருக்கிற ஆளுக்குக் கேட்குமோ என்று மூச்சை மெல்ல மெல்ல விட்டான். குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவன் திரும்பி வருவான் என்று இன்னொருவன் பிணை நிற்க வேண்டும். குறித்த திகதிக்குப் போனவன் வராவிட்டால் பிணை நின்றவனைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். திருச்செல்வத்துக்கு இரண்டு கிழமைப் பாஸ், பதினான்கு நாள், கொழும்பில் கந்தோர் அலுவல் என்று எழுதியிருந்தது. கந்தோர் அலுவல் என்பது முழுப் பொய் இல்லை. அவன் ரயில் ஓடாத ஒரு ஸ்டேசனின் கிளார்க், தண்டவாளத்தைக் கழற்றிப் பங்கருக்கு மேலே போட்ட பிறகும் அவன் கிளார்க்தான், அப்படிப்பட்டவனுக்குத் தலைமைக் கந்தோரில் அலுவல் இல்லாமல் போகாது. ஆனால் பெண்சாதி மனோகரியும் பிள்ளையும் போன வருடமே, பாஸ் இவ்வளவு இறுக முன்பே, கொழும்புக்குப் போய்விட்டார்கள். குடும்பம் அந்தப் பக்கம் இருக்கிறவன் இந்தப் பக்கம் திரும்பி வருவானா என்று யோசிக்க ஒரு பெரிய மூளை தேவையில்லை. சொந்த அண்ணனே, இரண்டு நாள் யோசிச்சுச் சொல்லுறன் என்று சொன்னார். மூன்றாம் நாள் போனால் அண்ணி கதவை அரைவாசி திறந்து, அவர் சாவகச்சேரிக்குப் போயிட்டார் என்றார். உள்ளே அண்ணன் செருமுகிற சத்தம் கேட்டது. அண்ணனில் அவனுக்குக் கோபம் வரவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பூபாலன் மட்டும் யோசிக்கவில்லை. பழுதான ரேடியோ ஒன்றைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தவன், கதையை முழுதாகக் கேட்கக்கூட இல்லை, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டான். போகிற வழியில் பகிடி வேறு. நீ மாஸ்டர், நான் மருந்துக்கடைக்காரன், சரியே, படத்தில் மாதிரி. படத்தில் அப்படி ஒரு ஆள் வருகிறான். மாஸ்டர் தன் பெண்சாதியையும் கைக்குழந்தையையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவர மூன்று நாள் தவணை கேட்பார். நீ வரமாட்டாய் என்று கப்ரின் சிரிப்பான். அப்போது ஊர் மருந்துக்கடைக்காரன், ஒரு குத்துக்கூட விடத் தெரியாத தொந்திக்காரன், நான் இருக்கிறேன் இவனுக்குப் பதிலாக என்று முன்னுக்கு வருவான். பாஸ் கந்தோரில் அந்தத் தொந்திக்காரனைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூபாலன் கையெழுத்து வைத்தான். அங்கே இருந்தவன், ஆள் வராட்டில் என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே என்று கேட்டான். தெரியும் என்று பூபாலன் சொன்னான். தெரியும் என்று சொன்னானே தவிர, சைக்கிளில் திரும்பி வருகிறபோது ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால், நீ வருவாய்தானே என்று ஒரு சொல் கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே சைக்கிளை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று திருச்செல்வம் நினைத்தான். உண்மையாகச் சொல்லியிருப்பேனா. சொல்லியிருப்பேன். கேட்காதது அவனுடைய பிழை. இப்படி ஒரு மனுசன் கேட்காமல் இருந்தால் மற்றவன் என்ன செய்வது.

திரையில் மாஸ்டர் ஒரு வாங்கைத் தூக்கிச் சுழற்றி ஆறு பேரை விழுத்தினார். சனம் கை தட்டியது. வாங்கில் துருத்திக்கொண்டிருந்த ஆணி ஒன்று திருச்செல்வத்தின் சாரத்தைப் பிடித்திருந்தது, அவன் அசைகிற ஒவ்வொரு முறையும் அது இழுத்தது, இழுத்தால் கிழியும், கிழிந்தால் நாளைக்கு வள்ளத்தில் போக வேறு சாரம் இல்லை, இருக்கிற மற்றதைக் கொழும்பில் இறங்கும்போது உடுப்பதற்கு வைத்திருக்கிறான். விரலால் தடவி ஆணியை விடுவிக்கப் பார்த்தான், முடியவில்லை. பதினாறாம் திகதி பிளேன். மனோகரியின் கடிதம் ஒரு ஆளின் கையில் வந்தது, வேறு எவர் படித்தாலும் விளங்காதபடி எழுதியிருந்தாள், மாமாவின் மகளின் கலியாணம் பதினாறாம் திகதி, நீங்கள் கட்டாயம் நிற்கவேணும், இந்த மாப்பிள்ளை தவறினால் வேறு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று. மாப்பிள்ளை என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன். மூன்று பேருக்கும் ஒரே பயணம், கனடா, ஒருவர் தவறினாலும் மற்ற இருவரும் போக முடியாது. பிள்ளைக்கு ஐந்து வயது. பொம்பர் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேசைக்குக் கீழே போகிற பிள்ளை. கொழும்பு வெள்ளவத்தையில் இப்போது மோட்டார்ச் சைக்கிள் சத்தத்துக்கும் அப்படிச் செய்கிறாளாம். அதை நினைத்தால் எல்லாம் நேராகிவிடுகிறது. பிள்ளை ஒரு பக்கம், பூபாலன் ஒரு பக்கம் என்று வைத்தால் எந்தத் தகப்பன்தான் யோசிப்பான். ஆனால் அப்படி வைத்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் பூபாலன் அந்தப் பக்கத்தில் சும்மா நிற்காமல் இருமினான்.

இருமல் உண்மையில் கேட்டது. விளக்கத்தை நிறுத்திவிட்டுப் பூபாலன் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். அவனுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கிற வருத்தம். மாரியிலும் இழுக்கும், புகையிலும் இழுக்கும், இந்தக் கொட்டிலில் இரண்டும் சேர்ந்த மாதிரி எப்போதும் இழுக்கும். இணுவிலில் ஒரு வாத்தியார் மைத்துனனுக்குப் பிணை நின்றார். மைத்துனன் லண்டனில் இறங்கினான், வாத்தியார் எட்டு மாதம் எங்கேயோ பங்கர் வெட்டினார். விட்ட பிறகு அவரைத் திருச்செல்வம் ஒரு செத்த வீட்டில் கண்டான், இரண்டு கையையும் சால்வைக்குள் வைத்தபடியே கதைத்தார், தேத்தண்ணி நீட்டியபோதும் கையை வெளியே எடுக்கவில்லை. அவர் நல்ல உடம்புள்ள ஆள், பந்தடிக்கிறவர். பூபாலன் பத்து மண்வெட்டி மண் போட்டால் இருந்துவிடுவான். இருக்க விடுவார்களா. வருத்தக்காரன் என்று சொல்லி வேறு வேலை கொடுப்பார்கள், ரேடியோ திருத்துகிற வேலை, அவர்களுக்கும் ரேடியோ திருத்த ஆள் வேண்டும்தானே. அப்படித்தான் நடக்கும். இதைத் திருச்செல்வம் இரண்டு கிழமையாக ஒரு நாளைக்கு இருபது முறை நினைத்திருப்பான், நினைத்து நினைத்து அந்த மேசையும் அதில் இருக்கும் ரேடியோவும் அதற்கு முன் பூபாலன் கதிரையில் வசதியாக இருப்பதும் கண்ணால் கண்ட மாதிரி ஆகிவிட்டது. வாய்க்குள் அடிக்கிற தொய்வு பம் இருக்கிறதா அவனிடம். கடைசியாக ஒன்று அரைவாசி இருந்தது. கொழும்பில் வாங்கி யாரிடமாவது கொடுத்துவிடலாம். யாரிடம். திரும்பி வருகிற யாரிடமாவது. திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்கு முகம் சுட்டது.

அந்த நேரத்தில் ஜெனரேற்றரின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. முதலில் பூபாலனின் தடிதான் உயர்ந்தது. பின்னால் யாரோ ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினார்கள், திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது, நாற்பது பேரும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்கள். ஹெலியா பொம்பரா. ஹெலி என்றால் கொட்டிலுக்குள்ளேயே நிலத்தில் படுக்கலாம், பொம்பர் என்றால் மாமரத்துக்குக் கீழே இருக்கிற பங்கருக்கு ஓட வேண்டும். யாரோ ஒரு கிழவி முருகா முருகா என்றாள். திருச்செல்வம் இருட்டுக்குள் இருந்துகொண்டு, வரட்டும் என்று நினைத்தான். கிட்ட வரட்டும். இங்கே வேண்டாம், கொஞ்சம் தள்ளி, வெறும் தோட்டத்துக்குள் ஒன்றைப் போட்டால் போதும், படத்தை நிறுத்திவிடுவார்கள், எல்லோரும் வீட்டுக்கு ஓடுவார்கள், மாஸ்டர் திரும்பி வருகிற இடம் வராமலே போய்விடும். நினைத்து முடிந்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்பது அவனுக்கு விளங்கியது. ஒரு படத்தின் கால்மணி நேரத்துக்குப் பயந்து குண்டு விழட்டும் என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேனா. வெறும் தோட்டம் என்று எதைச் சொன்னேன், இந்த ஊரில் எந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை, வெங்காயத்துக்குத் தண்ணி கட்டுகிற நேரம். சத்தம் பலாலிப் பக்கமாகத் தேய்ந்து போய்விட்டது. ஹெலிதான், போயிட்டுது என்றார்கள். ஜெனரேற்றர் இரண்டு முறை செருமிவிட்டு மறுபடி ஓடியது. விட்ட இடத்திலேயே மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

மருந்துக்கடைக்காரன் முன்னுக்கு வருகிற இடம் வந்தது. சனம் அசையாமல் இருந்தது. போன மூன்று முறையும் இந்த இடத்தில் பூபாலன் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை, இவன்தான் பிணை நிற்கிறான், மாஸ்டர் வராட்டில் இவனுக்குத்தான் வெடி, அவ்வளவுதான். இன்றைக்குத் தடியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்று நிதானமாகச் சொன்னான். அவனுக்கு ஒருவரும் இல்லையாம், ஒரு கடை மட்டும்தான். மாஸ்டருக்குக் குடும்பம் இருக்கிறது. குடும்பம் இருக்கிறவன் போகவேண்டியவன், இல்லாதவன் நிற்கவேண்டியவன் என்று அந்தத் தொந்திக்காரன் கப்ரினுக்குச் சொல்கிறானாம். திருச்செல்வம் வாங்கில் நிமிர்ந்தான். இது படத்தில் இல்லை. இந்த வாய் இவ்வளவு நேரம் அசையவே இல்லை, நாலு சொல்லுக்குத்தான் அசைந்தது. பூபாலனுக்கு ஒருவரும் இல்லை. கலியாணம் கட்டவில்லை, ரேடியோக் கடை ஒன்றுதான். ஏன் இன்றைக்கு இதைச் சொல்கிறான். அண்ணனுக்குத் தெரிந்தது, அண்ணிக்குத் தெரிந்தது, பாஸ் கந்தோரில் இருந்தவனின் கண்ணில் தெரிந்தது, பூபாலனுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் இருக்கும். தெரிந்துதான் கையெழுத்து வைத்தானா. தெரிந்துதான் இன்றைக்கு, போக முந்தி ஒருக்கால் வந்து பாத்திட்டுப் போ என்று வற்புறுத்திக் கூப்பிட்டானா. அப்படியென்றால் இது தண்டனை. மாஸ்டர் பாலத்தில் நடந்து வரும்போது நாற்பது பேருக்கும் முன்னால் தடியை என் பக்கம் நீட்டி, பாருங்கோ, இவன்தான் மனுசன் என்று சொல்லப்போகிறான். ஐயோ, எழும்பிப் போ. அவன் எழும்பப் பார்த்தான். ஆணி இழுத்தது. பக்கத்து ஆள், இரும் அண்ணை மறைக்குது என்றார். இருந்தான்.

ஆறு வந்தது. பனி. மாஸ்டர் துடுப்பைப் போடுகிறார், பெண்சாதி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி இருக்கிறாள், திரையில் அது பகலோ விடியலோ தெரியவில்லை. குடாநாட்டை விட்டுப் போகக் கடக்கவேண்டிய கிளாலிக் கடலும் இப்படித்தான் இருக்குமோ, நாளைக்கு இந்த நேரத்துக்கு அவன் கரையில் காத்து நிற்பான், இருட்ட வள்ளம் வெளிக்கிடும், நடுக்கடலில் நேவிக்காரன் கண்டால் அந்த இடத்திலேயே சரி. செத்தால் நல்லதுதான் என்று ஒரு எண்ணம் வந்தது. செத்தவனுக்குப் பிணை நின்றவனை ஒன்றும் செய்யமாட்டார்கள். பிள்ளையை நினைத்து அதை விரட்டினான். அக்கரையில் இறங்கி மாஸ்டர் நின்றார். பெண்சாதி அவர் கையைப் பிடித்துப் போகவேண்டாம் என்று அழுதாள். இந்த இடத்துக்கு விளக்கம் தேவையில்லை, பூபாலனும் சொல்லவில்லை. மாஸ்டர் ஆற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். இனி மருந்துக்கடைக்காரனை ஒருமுறை சிறைக்குள் காட்டுவார்கள், அவன் காவல்காரனுக்கு ஏதோ சொல்வான், அதற்கு அடுத்தது பாலம். சிறை வந்தது. சுவரோடு சாய்ந்திருந்த தொந்திக்காரனின் வாய் அசைந்தது. மூன்று முறையும் பூபாலன் இந்த வாய்க்குச் சொன்னது ஒரே வசனம்தான், அவன் வருவான். அதற்குத்தான் சனம் விசிலடிக்கும். திருச்செல்வம் கண்ணை மூடிக்கொண்டான். காதை மூட முடியவில்லை.

“அவன் வரக் கூடாது,” என்று பூபாலனின் குரல் சொன்னது. “வந்தால் நான் நிண்டதுக்கு என்ன பிரயோசனம். போ ராசா. பெஞ்சாதி பிள்ளையோடை போயிடு. நான் பாத்துக்கொள்ளுறன்.”

கண்ணைத் திறந்தபோது திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடின. பூபாலன் குனிந்து வீடியோ டெக்கை நிறுத்தினான். படம் முடிஞ்சுது என்றான். முன் வாங்கில் ஒரு மனுசி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். யாரோ ஒருவர் மட்டும், மற்றமுறை வந்தவனெல்லே என்று கேட்டார். இந்தமுறை வரேல்லை என்று பூபாலன் முகத்தை நிமிர்த்தாமலே சொன்னான். கேட்டவர் எழும்பிப் போனார். திருச்செல்வத்துக்கு அழுகை வந்தது, அழுதான், மண்ணெண்ணெய்ப் புகைக்கு எல்லோர் கண்ணும்தான் கலங்கியிருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. சொல்லிவிட்டான். நேரே சொல்ல முடியாததை, சொன்னால் நான் தலை நிமிர்ந்து போக முடியாது என்பதற்காக, ஒரு சீனாக்காரனின் வாயில் வைத்துச் சொல்லிவிட்டான். பாலத்தைக் காட்டவே இல்லை. எனக்காக மாஸ்டரைத் திரும்பி வரவிடாமல் படத்தையே நிறுத்திவிட்டான். இப்படியும் ஒரு மனுசன். இந்தக் கடனை என்னத்தால் தீர்ப்பேன் என்று நினைத்தான், நினைக்கும்போதே நெஞ்சுக்குள் ஒரு லேசு பரவியது, கிழமைக்கணக்கில் இல்லாத பசி வந்தது. இவ்வளவு கெதியாகப் பசிக்கிறதே என்று ஒரு வெட்கம். வெட்கத்தையும் தள்ளிக்கொண்டு கணக்கில்லாத யோசனைகள் வந்தன, கனடாவுக்குப் போய் முதல் வேலை, அவனை எப்படியாவது அங்கே எடுப்பது, குளிருக்குத் தொய்வு கூடுமாம், பரவாயில்லை, அங்கே நல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், பூபாலன் மாமா என்று ஒருவர் இருக்கிறார் என்று. வெளியே போய் அவன் கையைப் பிடித்து ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். அவனுக்கு விளங்கும். விளங்குகிறவன்தான் அவன். சாரம் கிழிகிற சத்தத்தையும் பொருட்படுத்தாமல் அவன் எழும்பினான்.

மாமரத்துக்குக் கீழே பூபாலன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். முகமெல்லாம் பூரிப்பு. திருச்செல்வம் அவன் கையைப் பிடித்தான். பிடித்த கையைப் பூபாலன் தன் பக்கம் இழுத்து, சனம் போய்விட்டதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“கண்டுபிடிச்சனியே? நேற்று ஓடவிட்டுப் பாக்கேக்கை டெக் கசட்டின்ரை கடைசித் துண்டைச் சப்பிப் போட்டுது மச்சான். பாலம், மாஸ்டர் வாறது, நாப்பது பேரோடை சண்டை, ஒண்டும் மிஞ்சேல்லை. விடியவிடிய நித்திரை இல்லை எனக்கு.”

திருச்செல்வம் கையை விடவில்லை. விட்டிருக்கலாம். பூபாலன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். மாஸ்டர் வராமல் படம் முடிந்தால் சனம் மாஸ்டரை என்ன நினைக்கும், சினேகிதனைச் சாகவிட்டுப் பெண்சாதியோடு போனவன் என்று காறித் துப்பாதா, ஒரு மானமுள்ள மனுசனை அப்படி விட முடியுமா, அதுதான் யோசித்து யோசித்து மருந்துக்கடைக்காரனைக் கொண்டே சொல்லுவித்தேன் என்றான். முன்னுக்குக் கொஞ்சம் சோடிக்க வேண்டியிருந்ததாம், அதற்கு எங்கள் பாஸ் விசயம் நல்ல உதவியாம், எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டதை எடுத்து அப்பிடியே உள்ளுக்குப் போட்டன், பாத்தனியே, அந்த மனுசி அழுதிட்டுது. அவனுடைய கண்ணைத் திருச்செல்வம் இப்போதுதான் நல்ல வெளிச்சத்தில் பார்த்தான். சொல்லாமல் வைத்திருக்கிற எதுவும் அந்தக் கண்ணில் இல்லை. தேடிப் பார்த்தான், இல்லை. இப்போது சொல்லலாம், இதுதான் இடம், சுற்றிவர ஒருவரும் இல்லை, நான் வரமாட்டன் பூபாலன், ஓடி ஒளி, வன்னிக்குப் போ, கையெழுத்தை மாற்று, ஏதாவது செய் என்று சொல்லலாம். சொன்னால் அவன் பாஸ் கந்தோருக்குப் போய்ச் சொல்லுவானா. சொல்லமாட்டான். சொல்லமாட்டான் என்பது தெரிந்தும் வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் போக முடியாது, அவ்வளவுதான், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிற சக்தி தனக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பூபாலன் கொட்டிலுக்குள் போய்க் கறுப்புப் பலகையையும் சோக்கட்டியையும் எடுத்து வந்தான். கொழும்பில் இந்தக் கசட் எந்தக் கடையிலும் எடுக்கலாம், பேர் எழுதித் தருகிறேன், வரும்போது மறக்காமல் கொண்டு வா என்றான். முழுப் படம் என்று இப்போதே விளம்பரம் போட்டுவிட்டால் சனம் பார்த்துக்கொண்டிருக்கும். பலகையை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

“பதினெட்டாம் திகதிதானே பாஸ் முடியுது. பத்தொன்பது எண்டு போடட்டே?”

“வந்த அடுத்த நாளே ஏலாது,” என்று திருச்செல்வம் சொன்னான். “வள்ளத்திலை வந்த களை இருக்கும். இருபது எண்டு போடு.”

பூபாலன் அது சரிதான் என்று தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினான். பலகை வழுக்கியது. எழுத்துச் சரிந்துவிடாமல் திருச்செல்வம் அதன் மறுபக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.